தேன் தடவிய விரல்

மைசூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஆயாவாக இருந்தாள் மாதம்மா. மாதேஸ்வரன் மலையடிவாரத்து ராமாபுரத்திலிருந்து பிழைக்க வந்து மண்டி மொஹல்லாவில் குடியிருந்தவள். மூச்சுக்குழாய் பொருத்திய நோயாளியின் வாயைத் துடைக்குமுன் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் தொடுவாள்.

"கண்ணு, வாய் தொடைக்கப் போறேன். கடிச்சுப்போடாதே."

நினைவில்லாதவரிடம் என்ன பேச்சு என்று நர்ஸ் தீபா சிரிப்பாள். மாதம்மா அதைக் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள்.

1996ஆம் ஆண்டு மழைக்காலத்தில் அவள் ஊர்ப்பக்கத்துச் சித்தையனைக் கொண்டுவந்தார்கள். களத்தில் உறங்கியவனைக் கட்டுவிரியன் கடித்திருந்தது. இமை திறக்கவில்லை, விரல் அசையவில்லை. அவனுக்காக இயந்திரம் மூச்சு விட்டது. நெஞ்சில் சளி கட்டியதால் கடுமையான ஆன்டிபயாடிக் ஏற்றினார்கள். அது கெட்ட கிருமியோடு நல்லதையும் கொல்லும், காலியான இடத்தில் பூஞ்சை குடியேறும் என்று தீபா எச்சரித்திருந்தாள். முந்தைய ஆண்டு அப்படி ஒரு நோயாளியைப் பறிகொடுத்தவர்கள் அவர்கள். அதனால் ஈறு, கன்னத்தின் உட்புறம், நாக்கின் அடி என்று ஒரு மூலை விடாமல் துடைத்தாள் மாதம்மா.

அப்படியும் ஒரு காலையில் சித்தையனின் நாக்கில் தயிர் ஒட்டினாற்போல் வெள்ளைத் திட்டு. சொட்டு மருந்துக்கும் அது அடங்கவில்லை. துடைத்த துணியை மாதம்மா முகர்ந்து பார்த்தாள். மலைத்தேன் வாசம் அடித்தது.

வராந்தாவில் உட்கார்ந்திருந்த அவன் மனைவி கெம்பம்மாவிடம் போனாள்.

"அவன் வாயில என்னத்தப் புள்ள தடவுனே?"

"மாதேஸ்வரன் மலைத் தேனுங்கக்கா. பாக்க விடற நேரத்துல விரல்ல தொட்டு ஒரு சொட்டு. பச்சத்தண்ணி படாம நாக்கு காஞ்சு கெடக்குது, எம்மனசு கேக்குலீங்."

"கழுவாத விரலு, அதுல இனிப்பு வேற! நீ பாசமா வச்சது பூசணமாப் பூக்குது. நெஞ்சுக்குள்ள எறங்குச்சுன்னா மெஷின விட்டு எந்திரிக்கவே மாட்டான்."

"ஐயோ, நானே வெசம் வச்சுட்டனா?"

"வெசம் வச்சது பாம்பு. அதோட பழிய நீ சொமக்காத."

தீபாவிடம் சொன்னால் கெம்பம்மாவை உள்ளே விடமாட்டாள். சொல்லாமல் மறைத்தால் சித்தையன் பிழைப்பது சந்தேகம். மாதம்மா சொல்லிவிட்டாள். தீபா கொதித்தாள். இனி அந்த அம்மாள் வாசல் மிதிக்கக் கூடாது என்றாள்.

"வாசல அடைச்சா திருட்டுத்தனமா வருவா சிஸ்டர். சும்மா இருக்கற கைதான் தேனத் தேடுது. தொடைக்கற வேலைய அவகிட்டக் குடுங்க, நான் பக்கத்துல நிக்கறேன்."

தீபா முறைத்துக்கொண்டே சோப்பை எடுத்து நீட்டினாள்.

முழங்கை வரை கழுவி, விரலில் மருந்துத்துணி சுற்றி நின்றாள் கெம்பம்மா.

"மொதல்ல அவன்கிட்டச் சொல்லு," என்றாள் மாதம்மா.

நாலு பேர் முன்னால் புருஷனோடு பேசிப் பழகாதவள் அவள். குனிந்து, அவன் காதுக்கு மட்டும் கேட்கும்படி, "ஏனுங்க, வாய் தொடைக்கறனுங்க" என்றாள்.

வெள்ளை மெல்லத் தேய்ந்து மறைந்தது. விஷமும் இறங்கியது. குழாயை எடுத்த அன்று சித்தையன் கரகரத்த குரலில் மனைவியிடம் முதலில் கேட்டது இதுதான்:

"ஏம்புள்ள, தேன ஏன் நிறுத்திப்போட்ட?"

தீபா திகைத்துப் போனாள். கெம்பம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அடப்பாவி, எல்லாத்தயும் கேட்டுக்கிட்டா கெடந்தே?" என்றாள் மாதம்மா.

"கடிச்சுப்போடாதேன்னு தெனமும் சொன்னீங்களேக்கா," என்றான் அவன். "கடிச்சனா?"