இடி விழுந்த மறுநாள்

மார்ச், ஏப்ரல் மாதங்களில் கொழும்பில் டெலிபோன் லைன் திருத்துகிறவனுக்கு வானத்தைப் பார்க்கும் பழக்கம் தானாக வந்துவிடும். காலையில் வெயில் கொளுத்தும், இலை அசையாது. பின்னேரம் பாமன்கடைப் பக்கமாகக் கறுத்துக்கொண்டு வரும். பிறகு மின்னலும் இடியும். மறுநாள் காலை எங்கள் அலுவலகத்தில் முறைப்பாடுகள் குவிந்து கிடக்கும்.

நான் கொட்டாஞ்சேனைக்காரன். பெயர் அந்தோனி. வேலை செய்ததில் பெரும்பகுதி வெள்ளவத்தையில். இங்கே சொல்லப்போவது யுத்த காலத்துக் கதை. அப்போது வானம் முழங்கினால் சனம் முதலில் கேட்டது, இடியா குண்டா என்பதைத்தான்.

அந்த வருடம் வாரக்கணக்கில் மழை இல்லை. மண் காய்ந்தால் எங்களுக்கு ஒரு தொல்லை உண்டு. வீட்டு வெளிச்சுவரில் புரொடெக்டர் என்று ஒரு சின்னப் பெட்டி இருக்கும். அதிலிருந்து ஓர் எர்த் கம்பி நிலத்துக்குள் போகும். லைனில் ஏறும் மின்னல் அந்தக் கம்பி வழியாக மண்ணுக்குள் இறங்கிவிட வேண்டும். மண்ணில் ஈரம் இல்லாவிட்டால் சரியாக இறங்காது. பெட்டிக்குள் இருக்கும் கார்பன் கட்டைகளைக் கருக்கி லைனைச் சாகடித்துவிடும். அதனால் கோடையில் கம்பியின் அடியைக் கிளறித் தண்ணீர் ஊற்றி, மண்ணை மூடி மிதித்துவிட்டு வருவது எங்கள் வழக்கம்.

சித்திரைப் புதுவருடத்துக்கு முந்திய நாள்களில் ஒரு பின்னேரம், கடலோரமாக இறங்கும் ஓர் ஒழுங்கையில் தென்னை மரத்தில் இடி விழுந்தது. மழை பெயருக்குத் தூறிவிட்டுப் போய்விட்டது. அந்தப் பகுதியில் பல லைன்கள் செத்துவிட்டன. வழக்கமாக என்னோடு வேலைக்கு வருகிறவன் சுனில், சிங்களவன். புதுவருடத்துக்கு அவன் ஊருக்குப் போயிருந்தான். போலீஸ் மறித்தால் கதைப்பது எப்போதும் அவன்தான். மறுநாள் காலை நான் தனியாகப் போனேன்.

ஒழுங்கையில் ஒரு மாடி வீடு. மேல்மாடியில் தனியாக ஓர் அம்மா இருந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர், ஓய்வுபெற்ற ஆசிரியை. பரமேஸ்வரி என்று பெயர். கீழே நின்று மணியை அடித்து, லைன் பார்க்க வந்திருக்கிறேன் என்று தமிழில் சொன்னேன். ஜன்னல் திரை கொஞ்சம் விலகியது.

“எனக்கு ஒருத்தரும் வாறதெண்டு சொல்லேல்ல. நீங்கள் போயிட்டுப் பிறகு வாங்கோ” என்றார்.

திரை மூடிக்கொண்டது. இப்படி நடப்பது புதிதல்ல. புரொடெக்டர் பெட்டி வெளிச்சுவரில்தானே இருக்கிறது, வேலையை முடிப்போம் என்று நினைத்தேன். பையைத் திறந்து டெஸ்ட் போனையும் பேட்டரியையும் வயர் சுருளையும் எடுத்து வைத்தேன். எர்த் கம்பியைத் தேடிச் சுவரடியைத் தோண்டினேன். போத்தலில் கொண்டுவந்த தண்ணீரை ஊற்றி மண்ணை மூடினேன். நிமிர்ந்தபோது ஒழுங்கை வெறிச்சென்று இருந்தது. எதிர்க்கடை முதலாளி பலகையைப் போட்டுக் கடையை மூடிக்கொண்டிருந்தார். பட்டப்பகலில் ஏன் மூடுகிறார் என்று யோசித்து முடிப்பதற்குள் ஜீப் வந்துவிட்டது.

கைகளைத் தூக்கச் சொன்னார்கள். சுவரடி மண்ணை எட்ட நின்று பார்த்தார்கள். அதில் இருப்பது கம்பி மட்டும்தான் என்று சிங்களத்தில் சொன்னேன். ஒருவரும் கிட்டப் போகவில்லை. ஒழுங்கையின் இரண்டு பக்கமும் மறித்துவிட்டு, சாமான்களை என் கையாலேயே பைக்குள் போடச் சொல்லி, பையோடு என்னை ஏற்றிக்கொண்டு போனார்கள்.

ஸ்டேஷனில் என் வேலை அட்டையை மேசையில் வைத்தேன். பொறுப்பதிகாரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இதை அச்சடிப்பது பெரிய வேலையா என்று கேட்டார். அலுவலகத்துக்கு போன் எடுத்துக் கேளுங்கள் என்றேன். அவர் ரிசீவரைத் தூக்கி என் காதருகே நீட்டினார். சத்தமே இல்லை. முந்திய நாள் இடியில் அவர்கள் லைனும் செத்துவிட்டது.

ரேடியோவில் மேலே அறிவித்தாகிவிட்டது, பின்னேரம் வேறு பிரிவுக்காரர்கள் வந்து பொறுப்பெடுப்பார்கள் என்றார். அந்த ‘வேறு பிரிவு’ என்னவென்று எனக்குத் தெரியும். எங்கள் ஜெம்பட்டா வீதியில் அப்படிக் கொண்டுபோகப்பட்ட ஒரு பொடியனை வெளியில் எடுக்க அவன் தாய் மாதக்கணக்கில் அலைந்தார். என் மனைவிக்கு நான் எங்கே இருக்கிறேன் என்றே தெரியாது.

இந்த லைனை என்னால் திருத்த முடியும் என்று சொன்னேன். அவர் ரிசீவரைத் திரும்ப வைத்தார்.

“நீ திருத்தினால் அந்தப் பக்கத்தில் பேசப்போவது யாரென்று எனக்கு எப்படித் தெரியும்?”

நான் எதையும் தொடமாட்டேன், உங்கள் ஆள் கையால் செய்யட்டும், நான் வாயால் சொல்கிறேன் என்றேன். ஒரு கான்ஸ்டபிளைக் கூப்பிட்டார். அவனுக்கு என் பைக்குள் கைவிடவே பயம். ஒவ்வொரு சாமானையும் விரல் நுனியால் எடுத்து வெளியே வைத்தான். என்னை முற்றத்தில் வெயிலில், அவனுக்கு எட்டத்தில் நிறுத்தினார்கள். அங்கிருந்தபடியே சொன்னேன். சுவரில் இருக்கிற பெட்டியின் மூடியைக் கழற்று. கறுத்த கட்டைகளை வெளியே எடு. புதியதைப் போட்டு இறுக்கு. அவன் விரலிலிருந்து நழுவி ஒரு கட்டை கீழே விழுந்தது. விழுந்த சத்தத்துக்கு எல்லோரும் பின்வாங்கினார்கள். நானும்தான்.

உள்ளே ரிசீவரில் டோன் வந்தது. நான் சொன்ன இலக்கத்தைப் பொறுப்பதிகாரி எடுக்கவில்லை. டைரக்டரியைக் கொண்டுவரச் சொல்லி அதில் இருந்த இலக்கத்தைச் சுழற்றினார். அன்று டியூட்டியில் இருந்தவர் எங்கள் சூப்பர்வைசர், ஒரு சிங்களப் பெண்மணி. என் உயரம், மீசை, எத்தனை பிள்ளைகள் என்றெல்லாம் அவரிடம் விசாரித்துவிட்டு போனை வைத்தார். பிறகு அதே இலக்கத்தை மறுபடியும் எடுத்தார். அதே குரல்தான் வருகிறதா என்று பார்ப்பதற்கு.

இரண்டாவது தடவை அந்த அம்மையார் அவரிடம் கொஞ்சம் கடுமையாகவே பேசியிருக்க வேண்டும். பொறுப்பதிகாரி “ஹரி, மிஸ்”, சரி மிஸ் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பிரிவுக்காரர்கள் வருவதற்கு முன்பே சூப்பர்வைசர் அம்மையார் ஓட்டோவில் வந்து இறங்கி, கையெழுத்துப் போட்டு என்னைக் கூட்டிக்கொண்டு போனார். நாங்கள் காலி வீதிக்கு வந்தபோது வானம் மறுபடியும் கறுத்துக்கொண்டு வந்தது.

மறுநாள் அந்த வீட்டுக்கு வேறு ஆளை அனுப்புவதாகச் சொன்னார்கள். நானே போகிறேன் என்றேன். என்னைப் பற்றிப் போலீசுக்குச் சொன்னது யாரென்று தெரிய வேண்டியிருந்தது. கடை முதலாளி என்றுதான் நினைத்திருந்தேன்.

இந்தத் தடவை பரமேஸ்வரி அம்மா கீழே இறங்கி வந்து கதவைத் திறந்தார். இரவு தூங்காத முகம். நான் கேட்பதற்கு முன்பே அவரே சொன்னார்.

“நான்தான் பின்படியால இறங்கிப் போய்க் கடைக்காரரிட்டச் சொல்லி, சந்தியில இருக்கிற செக்பொயின்டுக்கு அறிவிச்சனான், தம்பி. சுவரடியில கிண்டி என்னவோ தாட்டு மூடினனீங்கள். ஏதும் நடந்தா முதல்ல பிடிக்கிறது மேல்வீட்டில இருக்கிற என்னைத்தானே.”

தண்ணீர் ஊற்றியதுதான் என்று விளக்கினேன். கேட்டுக்கொண்டிருந்தார்.

“நீங்கள் சிங்களத்தில கதைச்சிருந்தா உள்ள விட்டிருப்பன். தமிழில கதைச்சவுடன பயந்திட்டன்.”

அவர்மேல் அப்போது எழுந்த கோபத்துக்கு அதற்கு மேல் இடம் இருக்கவில்லை. பெட்டியைத் திறந்து கட்டைகளை மாற்றினேன். லைன் வந்து கொஞ்ச நேரத்தில் மணி அடித்தது. கனடாவிலிருந்து மகன். இடிக்குப் பிறகு லைன் கிடைக்காமல் இரவு பகலாக முயன்றுகொண்டிருந்தானாம். அவனிடம் அவர் எங்கள் கதையில் ஒரு சொல்லும் சொல்லவில்லை. போனில் யார் கேட்கிறார்களோ என்ற பயம் அதிலும் இருந்தது.

இந்த வேலைக்கு வருகிற இளையவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். எந்த வீட்டிலும் முதலில் ஆளைக் கூப்பிடுங்கள். அவர் பக்கத்தில் வந்து நின்ற பிறகு பையைத் திறவுங்கள். வரமாட்டேன் என்றால் திரும்பி வாருங்கள், முறைப்பாடு இன்னொரு நாள் கிடக்கட்டும்.

அதன் பிறகு ஒவ்வொரு கோடையிலும் அந்த ஒழுங்கைக்கு நான் போக வேண்டி வந்தது. என் குரல் கேட்டால் பரமேஸ்வரி அம்மா குடையோடு இறங்கி வருவார். “நான் நிக்கிறன், நீங்கள் செய்யுங்கோ” என்பார். எரிக்கும் வெயிலில், ஒழுங்கை முழுவதும் பார்க்கும்படி, வேலை முடியும்வரை என் அருகில் நிற்பார். ஆனாலும் நான் பையைத் திறக்கும்போதெல்லாம் குனிந்து உள்ளே ஒரு தடவை பார்த்துக்கொள்வார். பார்க்கட்டும் என்று நானும் அதை அகலமாகவே திறந்து வைப்பேன்.