கருவாடும் எஸ்தோனியாவும்

ரஷ்யப் படை எஸ்தோனியாவை விட்டுப் போகக்கூடாதென்று பிள்ளையாருக்கு நூற்றெட்டுத் தேங்காய் நேர்த்தி வைத்த தமிழர் உலகத்திலேயே ஒருவர்தான் இருந்திருப்பார். அவர் போருக்குத் தப்பி வெளிநாடு வந்து, அஜின்கோர்ட் என்ற ஊரில் ஒரு வீட்டின் பேஸ்மென்டில் மனைவி ஜெயமலருடன் வாடகைக்கு இருந்த இராஜரட்ணம்.

காரணம் கருவாடு. அதைப் பொரித்த மணத்துக்காகவே மூன்று வீட்டுக்காரர்கள் அவர்களைக் காலி செய்யச் சொல்லியிருந்தார்கள். நான்காவதாக வாய்த்தவர் லேப்பிக் என்ற எஸ்தோனியக் கிழவர். இளவயதில் ரஷ்யப் படைக்குப் பயந்து படகேறி வந்தவர். உப்புமீன் தின்று வளர்ந்த மனிதர், பொரியல் மணம் மேலே போனால் தட்டோடு கீழே வந்துவிடுவார். இப்படியொரு வீட்டுக்காரர் தவமிருந்தாலும் கிடைக்கமாட்டார்.

அந்த நிம்மதியில் மண் விழுந்தது. எஸ்தோனியா விடுதலை பெற்றது, சொந்தப் பணம் அச்சடித்தது, பறிபோன வீடுகளைப் பழைய சொந்தக்காரர்களுக்கே திருப்பிக் கொடுக்கவும் தொடங்கியது. டார்ட்டு நகரத்தில் லேப்பிக்கின் தகப்பன் கட்டிய வீடும் அதில் அடக்கம். “கடைசிச் சிப்பாய் போனதும் இந்த வீட்டை விற்றுவிட்டு ஊருக்குப் போய்விடுவேன்” என்று கிழவர் சொன்ன அன்றே இராஜரட்ணம் பிள்ளையாரிடம் போய் நேர்த்தி வைத்துவிட்டார்.

தேங்காய் விஷயம் தெரிந்ததும் ஜெயமலர் அகப்பையைக் கீழே வைத்தாள்.

“ஆமிக்குப் பயந்து ஓடிவந்த நீங்கள், இன்னொருத்தற்றை ஊரிலை ஆமி நிக்கோணுமெண்டு நேர்த்தி வைக்கிறியளோ? வெக்கமாயில்லையோ?”

“அது வேறை ஆமியப்பா,” என்றார். சொல்லும்போதே வெட்கமாகத்தான் இருந்தது.

பிள்ளையாரும் ஜெயமலர் பக்கம். தொண்ணூற்று நான்கு ஆகஸ்ட் முடிவில் படை போய்விட்டது. லேப்பிக் கீழே ஓடிவந்து கட்டிப்பிடித்து ஆடினார். இராஜரட்ணம் செத்தவீட்டுக்கு வந்தவர்போல நின்றார். அடுத்த வாரமே கிழவர் விமானம் ஏறினார்.

மாதம் முடியுமுன் திரும்பி வந்தவர் பெட்டியோடு நேரே பேஸ்மென்டுக்குத்தான் வந்தார். ஜெயமலர் தேத்தண்ணீர் கொடுத்தாள்.

“வீடு கிடைத்துவிட்டது,” என்றார் தன் கரடுமுரடான ஆங்கிலத்தில். “உள்ளே ஒரு குடும்பம் நெடுநாளாக வாடகைக்கு இருக்கிறது. மீன் பொரிக்கிற மணம் தெருவுக்கே வந்தது. கதவைத் திறந்த மனிதருக்கு நான் யாரென்று உடனே தெரிந்துவிட்டது.” கிழவர் இராஜரட்ணத்தின் முகத்தை விரலால் காட்டினார். “படை போன அன்று நீர் நின்றீரே, அச்சு அசல் அதே முகம். வெளியேறு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர்கள் தந்த மீனைத் தின்றுவிட்டு, இருங்கள் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். இனி எனக்கு இந்த வீடுதான்.”

இராஜரட்ணத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

“ஆமி போனது நல்லது, மிஸ்டர் லேப்பிக்,” என்றார். சொல்ல ஒரு மாதம் பிந்திவிட்டது, ஆனால் மனதாரச் சொன்னார்.