அரக்கோணம் பங்களாவில் ஜெபகுமாரி டீச்சர்

ஜெபகுமாரிக்கு அப்போது முப்பது வயது. திருத்தணி மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர். கடுமையான கிட்டப்பார்வை. மலைமேல் கோயில் அவளுக்கு ஒரு வெள்ளைத் திட்டு. கடைசி வரிசைப் பிள்ளைகளைக் குரலை வைத்துத்தான் கண்டுபிடிப்பாள். கண்ணாடி வாங்க அம்மா விடவில்லை. "கண்ணாடி போட்டுகினு நின்னா எவன்டி உன்ன கட்டுவான்?"

1946-இல் அரக்கோணத்தில் ஒரு பிரெஞ்சுக்கார அம்மாள் தன் பங்களாவின் முன்னறைகளைச் சின்ன மியூசியமாக்கி, சனிக்கிழமைகளில் ஊருக்குத் திறந்துவிட்டாள். காலமான கணவர் ரயில்வே இன்ஜினியர். இருவரும் பாரிசில் வாங்கிச் சேர்த்த, உருவங்களைத் தெளிவாக வரையாமல் வண்ணத் தீற்றல்களால் காட்டும் இம்ப்ரெஷனிஸ்ட் பாணி ஓவியங்கள் மட்டுமே அங்கே இருந்தன. கூட வேலை பார்த்த கிரேஸ் டீச்சர் இவளையும் ரயிலேற்றிக் கூட்டிப்போனாள்.

முதல் படத்தின் முன்னாலேயே கிரேஸ் முகத்தைச் சுளித்தாள். "இன்னாடி இது? மழையில நனைஞ்ச மாதிரி எல்லாம் கலைஞ்சி கெடக்குது!"

ஜெபகுமாரிக்குப் புரியவில்லை. ஒரு குளம், பூக்கள், கரையில் மரம். "கலைஞ்சி எங்க கெடக்குது? கொளம் இப்டித்தான இருக்கும்? எனக்கு எல்லாமே இப்டித்தான் தெரியுது."

பின்னால் யாரோ வாய்விட்டுச் சிரித்தார்கள். சனிக்கிழமைதோறும் வந்து, வருகிறவர்களுக்குப் படங்களைச் சுற்றிக் காட்டும் ரயில்வே புக்கிங் கிளார்க் எலியேசர். மனைவியை இழந்தவர்.

"டீச்சரம்மா, ஒரு தடவ இத போட்டுப் பாருங்க" என்று தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி நீட்டினார்.

போட்டுக்கொண்டாள். குளம் காணாமல் போயிற்று. அந்த இடத்தில் பச்சையும் நீலமும் ரோஜா நிறமுமாகத் தனித்தனித் தீற்றல்கள். ஒவ்வொன்றிலும் தூரிகை மயிர் இழுத்த கோடுகூடத் தெரிந்தது. பின்னால் நகர்ந்தாள், குளம் திரும்பி வந்தது. கிட்டே போனாள், வெறும் சாயம். மறுபடி பின்னால், மறுபடி முன்னால். சிரிப்பை அடக்க முடியவில்லை. அப்படியே திரும்பியவளுக்கு எலியேசரின் முகம் தெரிந்தது: அம்மைத் தழும்பு, கூச்சத்தோடு ஒரு சிரிப்பு.

"ஐயோ, நீங்க இவ்ளோ சின்ன வயசாங்க? கொரல கேட்டுட்டு வயசானவர்னு நெனச்சிட்டேன்!"

எல்லாப் படங்களையும் பார்த்து முடிக்கும்வரை அவள் கண்ணாடியைத் திருப்பித் தரவில்லை. அதுவரை எலியேசர் நாற்காலியில் இடித்துக்கொண்டும், ஜன்னல் திரையை ஆளென்று நினைத்து "வாங்க, வாங்க" என்று வரவேற்றுக்கொண்டும் இருந்தார். கிரேஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அடுத்த மாதமே ஜெபகுமாரி அம்மாவிடம் கேட்காமல் கண்ணாடி வாங்கிக்கொண்டாள். அதற்கடுத்த மாதம் எலியேசர் போதகரை அழைத்துக்கொண்டு பெண் கேட்டு வந்தார். அம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "மாப்பிள்ளைக்கும் கண்ணாடியா! சரி, சோத்துல கல்லு இருந்தா ரெண்டு பேருல ஒருத்தருக்காவது தெரியும்" என்று காப்பி போடப் போனாள்.

கல்யாணமாகி அரக்கோணத்தில் குடியிருந்துகொண்டு, அவள் தினமும் ரயிலில் திருத்தணிக்கு வந்து பாடம் நடத்தினாள். 1948-இல் பிரெஞ்சு அம்மாள் தன் நாட்டுக்கே திரும்ப முடிவு செய்தபோது, கடைசிச் சனிக்கிழமை ஜெபகுமாரி தன் வகுப்புப் பிள்ளைகள் எல்லோரையும் ரயிலில் அங்கே கூட்டிப்போனாள். குளத்துப் படத்தின் முன் உட்கார்ந்து, அது நந்தியாறா, திருவாலங்காட்டுக் குளமா என்று பிள்ளைகள் கத்திச் சண்டை போட்டார்கள். பாதி புரிந்தும் புரியாமலும் அந்த அம்மாளும் தரையில் உட்கார்ந்து, நந்தியாற்றுக் கட்சியில் சேர்ந்துகொண்டாள்.