ஜவ்வரிசிப் பைக்கு வரைந்த பெண்

சேலைக் கரையும் கல்யாணப் பத்திரிகையும் வரைந்துகொண்டிருந்த எனக்கு, சேந்தமங்கலம் பக்கத்து ஆலையின் ஜவ்வரிசிப் பைக்குப் படம் போடுவதுதான் முதல் பெரிய வேலை. அங்கே குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளியை உரிக்கும் பெண்களைப் போலவே கறுத்த ஒருத்தியை, கை நிறைய ஜவ்வரிசியோடு வரைந்தேன். இது கைநழுவினால் அடுத்தது வருமா என்ற பயத்தில், இடுப்பிலிருந்த என் குழந்தையை இறுக்கிக்கொண்டு படத்தை ஆலை முதலாளியிடம் நீட்டினேன்.

"ஏனுங்க, படத்துல புள்ள இத்தனை கருப்பா? சினிமாக்காரியாட்டம் செவப்பாப் போடுங்க."

மாற்றிவிடுகிறேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். வந்தது வேறு. "வெள்ளைக் கையில வெள்ளை ஜவ்வரிசி தெரியாதுங்களே!"

அவர் களத்தில் காய்ந்த ஜவ்வரிசிமேல் தன் கறுத்த கையை வைத்துப் பார்த்தார்.

"அட, ஆமாங்க! இன்னுங் கொஞ்சம் கருப்பாவே போடுங்க."

வேலை கிடைத்துவிட்டது. இன்னும் எவ்வளவு கருப்பு என்பதுதான் வீடு திரும்பும் பஸ்ஸில் என் கவலை.