ஒரு டன்னுக்குக் கீழே ஓர் எலுமிச்சை

புதுக் கார்ப்பெட்டின் பசை வாடை, புது பெயிண்டின் வாடை, இரண்டுக்கும் நடுவே ஓர் எலுமிச்சை வாசம்… கோரேகாவ் கண்காட்சி என்றால் எனக்கு மூக்கில்தான் முதலில் ஞாபகம் வரும்.

'நீ முன்னாடி பேசவே மாட்டியாமே, நிஜமா?' என்று நேற்று இந்தப் பக்கத்தில் ஒரு தோழி கமெண்டில் கேட்டிருந்தாள். நிஜம்தான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அப்போது எனக்குப் பதினேழு வயது. தாராவியில் ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு, அம்மாவோடு உட்கார்ந்து தோல் பைகளுக்கு நூல் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தேன். வாசலுக்கு ஆள் வந்தால் உள்ளே போய்விடுவேன். "ஒங்க பொண்ணுக்குப் பேச்சு வருமா?" என்று அம்மாவிடம் கேட்டவர்கள்கூட உண்டு.

எங்கள் சந்தில் இருக்கிற இசக்கி அண்ணன், அம்பர்நாத்தில் ஒரு சின்ன கிரேன் கம்பெனியில் மெஷின் பூட்டுகிற ஃபிட்டர். கட்டுமான மெஷின் கண்காட்சியில் அவர்கள் ஸ்டால் போட்டார்கள். வருகிறவர்களிடம் நோட்டீஸ் கொடுத்துப் பேச ஒரு பெண் வேண்டும் என்று அவர்தான் என்னைக் கூட்டிப்போனார்.

பெரிய கம்பெனிகளின் கிரேன்கள் வெளியே மைதானத்தில் நின்றன. நிமிர்ந்து பார்த்ததில் துப்பட்டா நழுவி விழுந்தது. எங்கள் ஸ்டாலோ ஹாலின் மூலையில், பாத்ரூம் போகிற வழியில். ஓர் இரும்புச் சட்டம். அதில் ஓடுகிற, பாரம் தூக்குகிற ஹாய்ஸ்ட். அதன் கொக்கியில் மஞ்சள் பெயிண்ட் அடித்த ஒரு டன் இரும்புக் கட்டை. அவ்வளவுதான்.

முதல் நாள் முழுக்க ஸ்டாலுக்கு வெளியே நின்று, தரையைப் பார்த்தபடி நோட்டீஸை நீட்டினேன். ஒரு வார்த்தை வரவில்லை.

சாயந்திரம் மேடம் கூப்பிட்டார். கம்பெனி அவருடையது. மாட்டுங்காத் தமிழர்.

"என்னடி கொழந்தே, வாயில கொழுக்கட்டையா? நாளைக்கும் இப்படியே நின்னேன்னா ஏஜென்சிலேந்து வேற பொண்ணைக் கொண்டு வந்துடுவேன். கோவிச்சுக்கப்படாது."

கோபமில்லை. நியாயம்தானே. ஆனால் மாஹிமில் ரயில் ஏறி கோரேகாவில் இறங்கிய அந்த ஒரு நாளிலேயே தெரிந்துவிட்டது… இனி என்னால் அந்த நூல் பிசிறுக்கு முன்னால் போய் உட்கார முடியாது.

மறுநாள் காலையில் இசக்கி அண்ணன், ஹாய்ஸ்டிலிருந்து தொங்குகிற பட்டன் பெட்டியை என் கையில் கொடுத்தார்.

"இங்க பாருட்டி. பாதி அமுக்குனா மெதுவா எறங்கும். முழுசா அமுக்குனா வேகமா எறங்கும். செவப்பு, நிறுத்துததுக்கு. இன்னொண்ணு… தொங்குத சாமானுக்குக் கீழ எவனும் கைய விடப்படாது. சுடலைமாடனே வந்து கைய விட்டாலும் வெரட்டிரணும்."

அவர் சாயா குடிக்கப் போன நேரம் பார்த்து, கல்யாணிலிருந்து ஒரு கான்ட்ராக்டர் ஆட்களோடு வந்தார். மேடத்துக்கு அவசரம்.

"செல்வி, அடியில ஒரு எலுமிச்சம்பழம் வெச்சு வெயிட்டை எறக்கிக் காமி!"

கட்டை பழத்தைத் தொட்டதும் நிற்க வேண்டும், பழம் நசுங்கக் கூடாது. எவ்வளவு நிதானமான மெஷின் பார் என்று காட்டுகிற வேடிக்கை அது. முந்தின நாள் ஸ்டாலுக்கு முதுகைக் காட்டியபடியே நின்ற எனக்கு அது எப்படித் தெரியும்? எனக்குத் தெரிந்ததெல்லாம் எங்கள் தெரு. ஆட்டோ வாங்கினாலும் டெம்போ வாங்கினாலும் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சை வைப்பது எதற்கு? நசுக்கத்தானே!

முழுசாக அமுக்கினேன்.

சளக்…

கான்ட்ராக்டரின் வெள்ளைச் சட்டை வரைக்கும் சாறு.

"ஐயோ, என்னடி பண்ணிட்டே!" என்று மேடம் தலையில் கை வைத்துக்கொண்டார். சாயா கிளாஸோடு ஓடி வந்த இசக்கி அண்ணன் பார்த்துவிட்டு, "ஏட்டி, பூசையே போட்டுட்டியா! நல்ல வேளை, ஒங்கிட்ட தேங்காயக் குடுக்கல" என்றார்.

கான்ட்ராக்டர் தன் சட்டையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சிரித்துவிட்டார். "சலோ, பூஜா ஹோ கயா. அப் காம் திகாவோ." பூஜை முடிந்தது, இனி வேலையைக் காட்டு.

கட்டையை ஏற்றி ஓரமாக நகர்த்தி, இன்னொரு பழம் வைத்து, கட்டையைப் பழத்துக்கு நேரே கொண்டுவந்தேன். பாதி மட்டும் அமுக்கினேன். கட்டை நகர்வதே தெரியவில்லை… ஆட்கள் எல்லாரும் பழத்தையே குனிந்து பார்த்தார்கள்… தொட்டது. சிவப்பை அமுக்கினேன்.

பழம் முழுசாக இருந்தது.

கான்ட்ராக்டருக்கு நம்பிக்கை வரவில்லை. குனிந்து, பழத்தை எடுக்கக் கட்டைக்கு அடியில் கையை நீட்டினார்.

"ஹாத் மத் டாலோ!"

எதிர் ஸ்டாலில் காபி கொடுத்துக்கொண்டிருந்த பெண் அப்படியே நின்றுவிட்டாள். கத்தியது யார் என்று எல்லாரும் திரும்பினார்கள். நானும் திரும்பிப் பார்த்தேன்… பிறகுதான் புரிந்தது, என் தொண்டை. கையை விடாதே என்று அவ்வளவு பெரிய மனிதரை நான்தான் அதட்டியிருக்கிறேன்.

அவர் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். கட்டையை மேலே ஏற்றி, ஓரமாக நகர்த்திவிட்டு, "அப் லோ" என்றேன். இப்போது எடுங்கள். எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அடுத்த கேள்வியை மேடத்திடம் கேட்கவில்லை, என்னிடம் கேட்டார். சொன்னேன். அதற்கடுத்ததற்கும் சொன்னேன். நாளெல்லாம் குனிந்து பார்த்த நோட்டீஸ் ஆயிற்றே, மனப்பாடம்!

சாயந்திரம் மேடம் சொன்னது இவ்வளவுதான். "நாளைக்கு ஒம்பது மணிக்கு வந்துடு. ஆனா இத்தனை சத்தம் வேண்டாம், கேட்டியா?"

இத்தனை வருஷம் கழித்து, இந்த முறைக் கண்காட்சிக்கும் போய்விட்டு வந்தோம். ஸ்டால் இப்போது ஹாலின் நடுவில். பட்டன் பெட்டிக்குப் பதில் கையடக்க ரிமோட். என் காலரில் மைக். நாள் முழுக்க ஹிந்தி, கொஞ்சம் மராத்தி, தேவைப்பட்டால் இங்கிலீஷ். வீட்டுக்கு வந்தால் அம்மா, "செத்த நேரம் சும்மா இரேம்ட்டி" என்கிறாள்.

கார்ப்பெட் பாழாகிறதென்று எலுமிச்சையும் பிளாஸ்டிக் ஆகிவிட்டது. அது நசுங்காது. அதனால் மூச்சைப் பிடித்துக்கொண்டு யாரும் நிற்பதுமில்லை. போனைத் தூக்கி வீடியோ எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள்.

ஆனால் தினமும் ஹால் திறப்பதற்கு முன்னால், இசக்கி அண்ணன் தாராவியிலிருந்து பையில் போட்டுக் கொண்டுவந்த நிஜப் பழம் ஒன்றை, பழைய பேப்பர் விரித்து, கட்டை இறங்கப்போகிற இடத்தில் வைக்கிறார். விலகி நின்று, நான் கட்டையைப் பழத்துக்கு நேரே கொண்டுவந்ததும் என்னைப் பார்க்கிறார்.

முழுசாக அமுக்குகிறேன்.

அந்த வாசம் வந்த பிறகுதான் மைக்கை ஆன் செய்கிறேன்.