பூட் பட்டியலில் 0786

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் ஜெபீனாவுக்கு மௌஸ் என்றாலே ஆகாது. கறுப்புத் திரையில் கட்டளை அடித்தால்தான் அவளுக்குச் சோறு இறங்கும். விரல் ஓடும் வேகத்துக்கு வாயும் ஓடும். பக்கத்துச் செருப்புக்கடையிலிருந்து அவள் கணவன் ஜுல்பிகர், "யாருகிட்ட சண்டை போட்டுக்கினு இருக்க?" என்று எட்டிப் பார்ப்பான். "மதர்போர்டுகிட்ட!" என்பாள்.

அவளுக்கு ஒரு வழக்கம். சுவிட்சைப் போட்டதும் விண்டோஸை எங்கிருந்து கிளப்புவது என்று கம்ப்யூட்டருக்குள் ஒரு பூட் பட்டியல் இருக்கும். வரிக்கு வரி நான்கு இலக்க எண். கைக்கு வரும் இயந்திரத்தில் எல்லாம் விண்டோஸுக்குப் புதிதாக ஒரு வரி சேர்த்து, 0786 என்று எண் கொடுத்துவிடுவாள். அத்தா ஷேக் தாவூது தன் மளிகைக்கடையில் பில்லுக்குப் பில் தலையில் 786 எழுதியவர். மகள் பில் புத்தகமே வைத்துக்கொள்ளவில்லை, வேறு எங்கே எழுதுவாள்?

அன்று காலை கல்வராயன் மலையிலிருந்து நான்சி டீச்சர் லேப்டாப்போடு வந்து இறங்கினார். சாயங்காலம் பள்ளி ஆண்டு விழா. நாற்பது பிள்ளைகள் இரண்டு மாதம் தொண்டை வறளப் பாடிப் பதிவு செய்த பாட்டெல்லாம் அதற்குள். வேறு பிரதி கிடையாது.

"ஆன் பண்ணா அஞ்சு நிமிசம் நெட்வொர்க்கத் தேடிக்கினே நிக்குதுங்க. மேடையில இப்படி ஆச்சுன்னா மானம் போயிடும்."

"இவ்ளோதானா? டீ வர்றதுக்குள்ள முடிச்சிடறேன் டீச்சர்!"

லினக்ஸ் பென்டிரைவைச் செருகி, அதிலிருந்து கிளப்பி, கட்டளையைத் தட்டினாள். பட்டியல் வந்தது, பதினோரு வரி. செத்துப்போனது, இரட்டையாய் நின்றது, நெட்வொர்க், விண்டோஸ். நடுவே போன வருடம் அவளே எழுதிய 0786. ஜெபீனாவுக்குக் குஷி தாங்கவில்லை. "நீ எதுக்கு? நீயும் எதுக்கு?" என்று ஒவ்வொன்றாகக் காலி செய்தாள். விண்டோஸ் வரியையும் விடவில்லை. நம்ம 0786 இருக்கும்போது அது வேறு எதற்கு என்கிற தெனாவட்டு! பென்டிரைவைப் பிடுங்கிவிட்டு மறுபடி சுவிட்சைப் போட்டாள்.

கிளப்புவதற்கு எதுவுமே இல்லை என்றது திரை.

டீ வந்தது. ஜெபீனா தொடவில்லை.

"இன்னா ஆச்சுங்க?" என்றார் நான்சி.

"ஒண்ணுமில்லீங்க, சின்னதா..." பாட்டையாவது எடுக்க டிஸ்க்கைக் கழற்றலாமென்றால் அடிப்பக்க ஸ்க்ரூ எல்லாம் தேய்ந்து வழவழவென்று கிடந்தது. பென்டிரைவை மறுபடி செருகி, 0786 எந்த டிஸ்க்குக்குப் போகச் சொல்கிறது என்று விவரம் கேட்டாள். படித்தாள். இன்னொரு தரம் படித்தாள். யா அல்லா! அது கைகாட்டியது அவளுடைய பென்டிரைவை. எந்த டிஸ்க் என்று சொல்லாமல் இவள் எப்போதும் கொடுப்பதுபோல் கட்டளை கொடுத்தால், அந்தக் கட்டளை தன் இஷ்டத்துக்கு ஒன்றை எடுத்துக்கொள்ளும். இத்தனை நாளும் அடுத்த வரியில் இருந்த விண்டோஸ்தான் இவள் மானத்தைக் காப்பாற்றிவந்திருக்கிறது. அதைத்தான் இன்று சிரித்துக்கொண்டே அழித்தாள்.

இந்த முறை வாய் ஓடவில்லை. டிஸ்க்கின் பெயர், பகுதி எண், விண்டோஸ் கோப்பு இருக்கும் இடம் எல்லாவற்றையும் எழுத்துக் கூட்டி அடித்துப் புது வரி சேர்த்தாள். பென்டிரைவை எடுத்தாள். சுவிட்சைப் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"வந்துடுச்சு!" என்று நான்சி கத்தினார். பாட்டைத் தட்டினார். நாற்பது குரலும் கடைக்குள் பொங்கி வழிந்தன. ஷேர் ஆட்டோக்காரர்கூட இறங்கி வந்து பார்த்தார். ஜெபீனாவை இறுக்கிக் கட்டிக்கொண்ட நான்சி, "நீங்களும் விழாவுக்கு வரணும்" என்றார். அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். "வர்றேன் டீச்சர்" என்று மட்டும் சொன்னாள். லேப்டாப் மலைக்குப் போய் நின்றுவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் பட்டப்பகலில் ஷட்டரை இறக்கிவிட்டு பஸ் ஏறினாள். ஜுல்பிகர் வாயைப் பிளந்தான்.

மேடையில் நான்சி மைக்கைப் பிடித்தார். "இந்த அக்கா இல்லன்னா இன்னிக்கு நம்ம பாட்டே இல்ல!"

கைத்தட்டல் காதைப் பிளந்தது. ஜெபீனாவுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை; மைக்கை வாங்கிவிட்டாள். "டீச்சருக்குத் தெரியாது, பசங்களா. காலையில உங்க பாட்டத் தொலைக்கப் பாத்ததும் நான்தான்."

நான்சி திரும்பிப் பார்த்தார்.

முன்வரிசையில் ரிப்பன் அவிழ்ந்த ஒரு சிறுமி இடுப்பில் கைவைத்து எழுந்தாள். "சரிக்கா, திட்டுறதெல்லாம் அப்புறம். மொதல்ல பாட்டப் போடுங்க!"