சுவரைத் தாண்டிப் போன கம்பி

கறுத்த, கனத்த இரண்டு பழைய டெலிபோன் ரிசீவர்களை என் மேஜைமேல் வைத்துவிட்டு, பேசத் தொடங்குமுன் மூச்சு வாங்கிக்கொண்டாள் லீடர். ஒன்பதாம் வகுப்பின் கிளாஸ் லீடர் அவள். ஆசிரியைகளும் அப்படியே கூப்பிடுவோம். சாலைக் கடைத்தெருவில் அவளுடைய அப்பாவுக்குப் பழைய இரும்புக் கடை. எழுபதுகளின் தொடக்கம் அது. திருவனந்தபுரத்துப் பெண்கள் பள்ளியொன்றின் தமிழ்ப் பிரிவில் பௌதிகம் நடத்த நான் அப்போதுதான் வந்திருந்தேன்.

அவளுடைய பெஞ்சுத் தோழி வாதக் காய்ச்சலில் படுத்திருந்தாள். ஓணம் கழியும்வரை கட்டிலைவிட்டு இறங்கக்கூடாது என்பது டாக்டர் உத்தரவு. பள்ளிச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் அவள் வீடு இருந்த அக்ரகாரம். அந்த வருஷம் அவளுக்கு வீண் என்று நாங்கள் முடிவுகட்டியிருந்தோம். லீடர் ஒப்பவில்லை. அவளால் வர முடியாவிட்டால் வகுப்பை அவளிடம் அனுப்பலாமே என்றாள். தலைமையாசிரியை தயங்கி, வெள்ளிக்கிழமைவரை அனுமதி தந்தார்.

மொத்த வகுப்பும் கம்பியில் இறங்கியது. டார்ச் பேட்டரிகள் வந்தன; துண்டுக் கம்பிகளை முறுக்கி, டேப் சுற்றி, இரண்டு நீளக் கம்பிகளாக்கிச் சுவரைத் தாண்டி இழுத்தார்கள்; ஒரு ரிசீவர் வகுப்பில், மற்றது அவள் கட்டிலருகில். மின்னோட்டத்தைக் கரும்பலகையில் மட்டுமே கண்டிருந்தவர்கள், அது எந்த வழியாகத் திரும்பி வருகிறது என்று சண்டை போட்டார்கள். புதன்கிழமை அவள் இருமுவதே கேட்டது. வியாழன் இரவு மழை பிடித்தது. வெள்ளி காலையில் ஒரு சத்தமும் இல்லை.

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"டீச்சர், இப்ப ஒண்ணும் சொல்லாண்டாம். நாங்களே பாத்துக்கிடுதோம்" என்றாள் லீடர்.

தோழியின் வீட்டில் கம்பியைக் கழற்றச் சொல்லியனுப்பிவிட்டு, இந்த முனையில் பேட்டரியோடு டார்ச் பல்பை இணைத்துப் பார்த்தாள். எரியக்கூடாத பல்பு எரிந்தது. அப்படியென்றால் வழியில் எங்கோ இரண்டு கம்பிகளும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. சுவரோரம் ஓடினார்கள். மழையில் டேப் பிரிந்து, இரண்டு முடிச்சுகள் தொட்டுக்கொண்டிருந்தன. பிரித்து, துடைத்து, புது டேப் சுற்றினார்கள்.

கடைசிப் பீரியடில் நான் ரிசீவரை அருகே வைத்துக்கொண்டு, மின்தடைக் கணக்கொன்றைக் கேட்டேன். முன்பெஞ்சில் ஒருத்தி எழுந்து விடை சொன்னாள். ரிசீவருக்குள் மெல்லிய குரல் கரகரத்தது.

"டீச்சர், அவ சொன்னது தப்பாக்கும். ரெண்டும் சீரீஸ்லன்னா இருக்கு? கூட்டணும்."

வகுப்பு பெஞ்சைத் தட்டி ஆர்ப்பரித்தது. விசாரிக்க வந்த தலைமையாசிரியை ரிசீவரை வாங்கிக் காதில் வைத்தார். வெள்ளிக்கிழமைக் கெடுவைப் பற்றி அதன்பின் பேசவேயில்லை. தோழி அவர்களோடே பத்தாம் வகுப்புக்குப் போனாள்.

இன்று என் பேத்தியின் பள்ளியில் பாடம் கைபேசி வழியாக வீடுவரை தானாகவே வந்துவிடுகிறது. நல்லதுதான். ஆனால் அன்றைக்குத் தப்பாக விடை சொன்னவள் இருக்கிறாளே, திங்கட்கிழமை முதல் தோழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாற்போல ரிசீவரை மடியிலேயே வைத்துக்கொண்டு, பாடம் முடியும்வரை யாருக்கும் தர மறுத்துவிட்டாள்.